ஸ்டான்லி பக்கம் நாலு மாசம் தங்க ஃபர்னிஷ்டு வீடு: வடசென்னையில் கிடைக்குமா?

கேள்வி: 11 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு மோட்டார் பெல்ட்டில் வலது கை மாட்டி, நரம்பும் தசைநாரும் அறுந்துவிட்டன. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைப் பிரிவில் ஆபரேஷன் முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் நாலு மாதம் பிசியோவுக்கு வரச் சொல்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்துபோக முடியாது. அப்பா, அம்மா, நான் மூன்று பேர். கட்டில், ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் இருக்கிற வீடாகத் தேடுகிறேன். ஆப்பில் பார்த்தால் வேளச்சேரி, ஓ.எம்.ஆர்., போரூர் என்றே வருகிறது. வடசென்னையில் அந்த மாதிரி வீடே கிடையாது, அண்ணா நகரில் சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்துக்கொள் என்கிறார் நண்பர். உண்மையா?

11 ஆகஸ்ட், இரவு

உண்மை இல்லை. வீடு இருக்கிறது, ஆப்பில் இல்லை.

நான் புது வண்ணாரப்பேட்டை. எங்கள் மாடி போர்ஷனையே சாமானோடுதான் விடுகிறோம், என் மாமியார் காலத்திலிருந்து. மணலி ரிஃபைனரியில் ஷட்டவுன் வேலைக்கு வருகிற இன்ஜினியர்கள், துறைமுகத்து சர்வேயர்கள், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள், ஸ்டான்லிக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கும் வரும் வெளியூர்க் குடும்பங்கள் என்று சில மாதம் மட்டும் தங்குகிறவர்கள் இங்கே எப்போதும் உண்டு. ஒருவர் காலி செய்யும்போதே அடுத்தவரைச் சொல்லிவிட்டுப் போவார். போட்டோ எடுத்துப் போட வேண்டிய அவசியமே வருவதில்லை.

அண்ணா நகர் யோசனையை விடுங்கள். கட்டுப் போட்ட கையோடு, வாரத்தில் பல நாள், காலை நேரத்து ஆட்டோவில் கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம் நெரிசலைத் தாண்டி ஒரு மனிதரை அழைத்து வருவது கொடுமை. காரியம் வடசென்னையில் என்றால் இருப்பும் வடசென்னையிலேயே இருக்கட்டும்.

12 ஆகஸ்ட்

எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தெருமுனை அயர்ன் கடைக்காரரைக் கேளுங்கள். எந்த வீட்டுத் துணி வருவது நின்றது, யார் அடுத்த மாதம் கிளம்புகிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அடுத்து ஆஸ்பத்திரி எதிரே உள்ள மெடிக்கல் ஷாப்புகள். அப்புறம் பிசியோ அறைக்கு வெளியே காத்திருக்கிற மற்ற குடும்பங்கள். அவர்களில் யாராவது கிளம்பும் நிலையில் இருப்பார்கள்.

புரோக்கரிடம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பார். நாலு மாதத்துக்கு அது அதிகம். பாதி மாதம் என்று முதலிலேயே பேசுங்கள், ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டைக் காட்டவே காசு கேட்கிற ஆளிடம் நிற்காதீர்கள்.

இடம்: பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை. இந்த வரிசையில் பாருங்கள்.

12 ஆகஸ்ட், மாலை

திருவொற்றியூரில் வாடகை குறையுமே, ஆனால் மெட்ரோ வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிடுகிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பழைய கதை. 2021 பிப்ரவரியிலேயே விம்கோ நகர் வரை நீட்டிவிட்டார்கள். தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி எல்லாம் அந்தப் பாதைதான். வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லிக்கு ஷேர் ஆட்டோ. லிஃப்ட் இருப்பதால் கையை மார்போடு கட்டியிருக்கிறவருக்கு மின்சார ரயிலைவிட மெட்ரோதான் நல்லது. கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் காலையில் ஏறும்போது யாரும் கட்டுப் போட்ட கையைப் பார்த்து ஒதுங்க மாட்டார்கள்.

அதனால் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கிடைத்தால் அதையும் பாருங்கள். வடிவுடையம்மன் கோயில் இருக்கிறது, பட்டினத்தார் சமாதி இருக்கிறது, கடல் பக்கத்தில். உங்கள் அம்மாவுக்குச் சாயங்காலம் போய் உட்கார ஒரு இடம் வேண்டாமா?

14 ஆகஸ்ட்

கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதெல்லாம் இருக்கும். ஒரு கையால் வாழப்போகிறவருக்கு அந்த வீடு உதவுமா என்று பாருங்கள். எங்கள் மாடியில் உங்கள் அப்பாவைப் போலவே கை அடிபட்ட ஒருவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். பிரஸ் மெஷினில் போன விரல்கள். அவர் மனைவி மருந்து வாங்கப் போயிருந்த ஒரு காலை, பாத்ரூமில் பித்தளைக் குழாயைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பழைய திருகுக் குழாய், உப்புத் தண்ணீரில் இறுகிப்போனது. இடது கைப் பழக்கம் இல்லாதவரால் அதை அசைக்க முடியவில்லை. அன்று மத்தியானமே பிளம்பரைக் கூப்பிட்டு, நீளமான கைப்பிடி வைத்த குழாயாக மாற்றினோம். முழங்கையால் தட்டினாலே திறக்கும். பெரிய செலவில்லை, எந்த ஓனரும் செய்து தரக்கூடியதுதான். கேளுங்கள்.

அதே போல அடுப்பு. ஒரு கையால் குமிழைத் திருகி மறு கையால் லைட்டரைப் பிடிக்க வேண்டும். தானே பற்றிக்கொள்கிற அடுப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு இண்டக்‌ஷன். அம்மா இருக்கிறார்களே என்பீர்கள். சரிதான், ஆனால் தானாக ஒரு டீ போட்டுக் குடிக்க முடிகிற அன்று அந்த மனிதருக்கு வருகிற தெம்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேல்நாட்டுக் கழிப்பறை, இடது பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, கதவின் உள்தாழ்ப்பாள் தலைக்கு மேலே இல்லாமல் கைக்கு எட்டுகிற உயரத்தில். சோபா இல்லாவிட்டால் பரவாயில்லை. பிசியோவில் சொல்லித்தருகிற பயிற்சியை வீட்டிலும் செய்ய ஒரு மேஜையும் முதுகு நேராக இருக்கிற நாற்காலியும் கட்டாயம்.

15 ஆகஸ்ட்

தண்ணீர்.

ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகள் பலவற்றில் மெட்ரோ வாட்டருக்கு இன்னும் அடிபம்புதான். தண்ணீர் வருகிற நேரத்தில் அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் அடிக்கிற ஆள் நீங்கள் ஒருவர். நீங்கள் தூத்துக்குடி போயிருக்கிற வாரம் யார் அடிப்பது? அதனால் சம்ப்பும் மோட்டாரும் உள்ள வீடாகப் பாருங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று ஓனரைக் கேட்காதீர்கள். பக்கத்துப் போர்ஷன் அம்மாவைக் கேளுங்கள்.

போர் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மஞ்சள் பூக்கிறதா, மேலே எண்ணெய்ப் படலம் ஓடுகிறதா, சோப்பு நுரைக்கிறதா. எண்ணெய்ப் படலம் என்றதும் சிரிக்க வேண்டாம். 2013-இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடிக் குழாய் கசிந்து, வீட்டு போர் தண்ணீரிலேயே எரிபொருள் கலந்து வந்தது. அந்தத் தெருக்காரர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

குடிக்க, சமைக்க கேன் தண்ணீர். அது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

17 ஆகஸ்ட்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: குப்பைமேடு, கெமிக்கல் நாற்றம், அங்கே போய் நோயாளியைத் தங்கவைக்கச் சொல்கிறீர்களே என்று.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கொடுங்கையூர்க் குப்பைமேடு இருக்கிறது, மணலியில் தொழிற்சாலைகள் இருக்கின்றன, 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக மக்கள் தெருவுக்கு ஓடியதை யாரும் மறக்கவில்லை. நகரத்துக்கு வேண்டிய பெட்ரோலும் மின்சாரமும் துறைமுகமும் குப்பையும் எங்கள் பக்கம் வைக்கப்பட்டன. அதற்காக நாங்கள் இங்கே வாழாமல் இருக்கிறோமா? லட்சக்கணக்கான பேர் பிள்ளை பெற்று, படிக்கவைத்து, வீடு கட்டி வாழ்கிறோம். இடத்தை விசாரித்து எடுங்கள் என்பது நியாயம். இந்தப் பக்கமே வராதே என்பது எங்களைக் கேவலப்படுத்துவது.

விசாரிக்க ஒரு வழி சொல்கிறேன். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது தண்டையார்பேட்டையில் நின்றால் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரியும் விடிகாலையும் காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். கொடுங்கையூர்ப் பக்கத்து நாற்றம் வருகிற தெருவாக இருந்தால் அப்போதுதான் தெரியும். புரோக்கர் எப்போதும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வீடு காட்டுவார். நீங்கள் காலை ஐந்தரைக்கு ஒருதரம் தனியாகப் போய் நில்லுங்கள். மணலிக்கு மேற்கே, மாதவரம் பக்கம் பார்க்கிறவர்கள் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும், அங்கே கடல்காற்றுதான் புகையைக் கொண்டுவரும்.

ராயபுரத்தில் முன்பு துறைமுகத்து நிலக்கரித் தூசு துணியெல்லாம் படியும். 2011-இல் கோர்ட் உத்தரவால் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போன பிறகு இங்கே அது தீர்ந்தது. எண்ணூர்க்காரர்களுக்குச் சேர்ந்தது.

17 ஆகஸ்ட், சற்று பிறகு

சத்தத்தை விட்டுவிட்டேன். கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, காசிமேடு வரை இரவில் வரிசை கட்டி நிற்கும். மெயின் ரோட்டைப் பார்த்த படுக்கையறை வேண்டாம், உள்தெரு போதும்.

20 ஆகஸ்ட்

அட்வான்ஸ். இங்கே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்டால் குற்றம் என்கிறார் ஒருவர், அப்படி ஒரு சட்டமே இல்லை என்கிறார் இன்னொருவர். இரண்டும் முழுசாகச் சரியில்லை.

தமிழ்நாட்டில் 2017-இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும். அதனால் சட்டம் நம்மைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்னால் படிக்க வேண்டும். காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகைத் தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்த முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதிந்தால் ஒரு எண் தருவார்கள். ஆன்லைனிலேயே செய்யலாம்.

நாலு மாதத்துக்கு எதற்கு ஒப்பந்தம், நாங்கள் நம்பிக்கையானவர்கள் என்று ஓனர் சொல்வார். நானும் ஓனர்தான், நான் எழுதாமல் சாவி தருவதில்லை. வாய்ப்பேச்சாக விட்ட வீட்டில்தான் "பெயிண்டிங் சார்ஜ்" என்று கடைசியில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கிறார்கள். நாலு மாதம் இருந்த குடும்பம் என்ன சுவரைக் கெடுத்திருக்கும்? பெயிண்டிங் பிடித்தம் கிடையாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் சிக்கலாகி ஐந்தாறு மாதம் ஆனால் அதே வாடகையில் நீட்டிக்கலாம், சீக்கிரம் குணமானால் பதினைந்து நாள் நோட்டீஸில் கிளம்பலாம் என்று இன்னொரு வரி. ஆஸ்பத்திரிக்காக வருகிறவர்கள் இந்த இரண்டையும் விடவே கூடாது.

21 ஆகஸ்ட்

சாமான் லிஸ்ட். எங்கள் மாடிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கட்டில் 2, மெத்தை 2 (ஒன்றில் கால்மாட்டில் கறை), குக்கர் 5 லிட்டர் (கேஸ்கட் புதுசு), அன்னக்கூடை, தோசைக்கல், ஃபிரிட்ஜ் (பின்பக்கம் துரு, கீழ்த்தட்டு கீறல்). இப்படியே போகும். வருகிறவரும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று எதையும் விடாது. ஜன்னல் கம்பி, ஏசியின் வெளி யூனிட், ஃபிரிட்ஜ் முதுகு எல்லாம் பொரிந்துபோயிருக்கும். அந்தத் துரு நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமே. எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கரண்ட்: தனி மீட்டரா, சப் மீட்டரா? தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது குடியிருக்கிறவருக்குச் சேர வேண்டியது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குகிற வீடுகள் இங்கே நிறைய. ஏசி ஓட்டினால் அது வாடகையில் கால்வாசிக்கு வந்து நிற்கும்.

கேஸ்: ஓனர் பெயரில் இருக்கிற சிலிண்டர் தீர்ந்தால் அவர் புக் செய்துதர வேண்டும். அதற்குக் காத்திருக்க முடியாவிட்டால் 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது, அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை.

24 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி தனிச்செய்தியில் ஒன்று சொன்னார், அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ராயபுரத்தில் ஒரு வீடு எல்லாம் பேசி முடிந்து, கடைசியில் ஓனர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொன்னதும் மறுநாள் வீடு வேறொருவருக்குப் போய்விட்டதாம்.

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஸ்டான்லி இருக்கிற இடத்தில் 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரம் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே எங்கள் பாட்டி கடைசி வரை சொல்வாள். பசியென்று வந்தவனுக்குத் தொட்டியில் கஞ்சி ஊற்றிய பேட்டையில், அடிபட்ட கையோடு வந்தவரின் சாதியைக் கேட்டு வீடு மறுக்கிறார்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். ஆதாரைப் பாருங்கள், வாடகைதாரர் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், வேலை என்ன, எத்தனை பேர் என்று கேளுங்கள். அதற்கு மேல் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

தம்பி, எங்கள் தெருவிலேயே ஒன்று காலியாகிறது. போன் செய்யுங்கள்.

3 செப்டம்பர்

முதலில் வயசானவர்களுக்குத் தரைத்தளம் நல்லது என்று இன்னொரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். தம்பிக்கு வீடு பார்க்கச் சுற்றியதில் அதை மறுபடி யோசித்தேன். இவர்கள் செப்டம்பரில் குடிவந்து டிசம்பர் தாண்டி இருக்கப் போகிறார்கள். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர், மணலி புதுநகரில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா, பக்கிங்காம் கால்வாய் ஓரத்துத் தெருக்களில் தரைத்தளமே வேண்டாம். கால் நன்றாக இருக்கிற, கைதான் அடிபட்ட ஆளுக்கு முதல் மாடி. இடது கைக்குப் பிடிமானம் இருக்கிற படியாக இருந்தால் போதும்.

தண்ணீர் ஏறிய வீட்டைக் கண்டுபிடிக்க: முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கும். ஈபி மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்குத் தூக்கி மாட்டியிருப்பார்கள். மர பீரோவின் கால் ஊறிப் பிளந்திருக்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் எதிர் வீட்டில் விசாரியுங்கள்.

19 செப்டம்பர்

குடிவந்துவிட்டார்கள். சாமான் லிஸ்ட் போட்டு, ஒப்பந்தம் எழுதி, மூன்று மாத அட்வான்ஸ். அம்மா முதல் ஞாயிறே காசிமேடு போய் மீன் வாங்கிவந்து, தூத்துக்குடி விலையோடு ஒப்பிட்டுத் தெருவுக்கே பாடம் எடுத்துவிட்டார். எங்கள் தெருப் பெண்கள் அவரை விடுவதாக இல்லை.

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: வீட்டில் சமைக்க முடியாத நாளில் ஆஸ்பத்திரியிலேயே அம்மா உணவகம் உண்டு, இட்லி ஒரு ரூபாய். பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் அத்தோ சாப்பிடாமல் வராதீர்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு, வடசென்னைக்காரர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு.

27 அக்டோபர்

நாலு மாத ஃபர்னிஷ்டு வாடகைக்கு, காலி வீடு எடுத்துச் சாமானை மாத வாடகைக்கு வாங்குவது லாபமா என்று கேட்டிருக்கிறார்கள். கணக்கு இப்படிப் போடுங்கள். இந்தப் பக்கம் சாமானோடு விடுகிற வீட்டுக்கு வெறும் வீட்டைவிட மாதம் மூன்றிலிருந்து ஐந்தாயிரம் கூடக் கேட்கிறார்கள், நான் விசாரித்தவரை. கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வாடகைக்கு எடுத்தாலும் அதே பக்கம்தான் வரும், அதோடு டெபாசிட், ஏற்றி இறக்கும் கூலி. ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் யோசிக்கலாம். ஆறு மாதத்துக்குள் என்றால் ஃபர்னிஷ்டு. லீஸ் வீடு மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு நாலாவது மாதம் திருப்பிக் கேட்டால், அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் கையில் கிடைக்கும்.

9 நவம்பர்

பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். வருகிறோம், இரண்டு மாதம் வேண்டும், மேலே சொன்னதெல்லாம் பொருந்துமா என்று கேட்ட பெண்ணுக்கு: மாடி வேண்டாம், உங்களுக்குத் தரைத்தளமேதான், ஆனால் தெரு மட்டத்திலிருந்து மூன்று நாலு படியாவது உயர்ந்த வீடாக. ஜன்னலுக்குக் கொசுவலை கட்டாயம், இல்லாவிட்டால் ஓனரிடம் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ உள்ளே வருகிற அகலம் தெருவுக்கு இருக்க வேண்டும். ராயபுரம் உள்சந்துகள் சிலவற்றில் வராது, ஒரு ஆட்டோவைக் கூட்டிப்போய் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வெந்நீருக்கு கீசர். டிசம்பருக்கு முன்னால் வருவதாக இருந்தால் இந்த வாரமே எழுதுங்கள், கல்மண்டபம் பக்கம் இரண்டு வீடு விசாரித்து வைத்திருக்கிறேன்.